விற்கப்போகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பானேன்?

புது வீடு கட்டுவது பற்றியும், குடியிருக்கிற வீட்டை அழகாக வைத்துக்கொள்வது பற்றியும் எவ்வளவோ படித்திருக்கிறோம். விற்கப்போகிற வீட்டைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. "கைவிட்டுப் போகப்போற வீடு, அதுக்குப் போய் செலவு பண்ணுவாங்களா?" என்பது ஒரு கட்சி. "நாலு காசு போட்டு மாடர்னா மாத்திட்டா விலை எங்கேயோ போயிடும்" என்பது இன்னொரு கட்சி. எங்கள் வீட்டில் தரகர் முதல் கட்சி, என் வீட்டுக்காரர் இரண்டாவது கட்சி. நடுவில் நானும் என் மாமியாரும்.

வீடு கும்பகோணத்தில். என் மாமனார் 1978-ல் வாங்கியது. திண்ணை, நடை, முற்றம், கூடம், நாட்டு ஓடு. பின்கட்டில் இரண்டு அறைகளும் குளியலறையும் பிற்பாடு தளம் போட்டுச் சேர்த்தவை. 2016 மகாமகத்துக்கு உறவுக்காரர்கள் வருவார்கள் என்று வெள்ளையடித்ததோடு சரி, அப்புறம் மட்டை சுவரில் படவில்லை. 2019-ல் மாமா போனபிறகு அத்தை தனியாகத்தான் இருந்தார்கள். நாங்கள் திருச்சியில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அத்தைக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. மாடிப்படி ஏற முடியாது.

எங்கள் தெருவிலேயே கீழ்த்தளமாக ஒரு போர்ஷன் 10 லட்சம் ஒத்திக்கு வந்தது. அத்தையை அங்கே வைத்துக்கொண்டு நாங்களும் கூடவே போய்விடலாம். மாமா உயில் எழுதவில்லை. அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து என்பதால் அத்தை, என் வீட்டுக்காரர், கொழுந்தனார், நாத்தனார் என்று நாலு பேருக்கும் சம பங்கு. தரகர் வந்து பார்த்துவிட்டு, "பழைய வீடும்மா. மனை விலைக்குத்தான் கேப்பாங்க. 38 லட்சத்துக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்றார். நாலால் வகுத்துப் பாருங்கள், அத்தை பங்கு ஒன்பதரை லட்சம். ஒத்திப் பணத்துக்கு ஐம்பதாயிரம் குறைகிறது. எனக்கு 40 லட்சம் என்கிற எண்தான் ராத்திரியெல்லாம் கண்ணில் நின்றது.

என் வீட்டுக்காரர் 4 லட்சம் கடன் வாங்கி டைல்ஸ், அலமாரி வைத்த சமையலறை எல்லாம் போட்டுவிடலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். நாம் போடுகிற டைல்ஸ் வருகிறவளுக்குப் பிடிக்க வேண்டுமே! போட்ட பணம் திரும்பி வரும் என்று யார் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்? ஆனால் தரகர் சொன்னபடி அப்படியே விட்டுவிடவும் எனக்கு மனசில்லை. வாங்குகிறவர்கள் பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து கிரயப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 ரூபாய். 40 லட்சத்து வீட்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் பத்திரத்துக்கே போய்விடும். அதைக் கொடுத்துவிட்டு, கடனையும் வாங்கிக்கொண்டு வருகிற குடும்பத்திடம் ரிப்பேருக்குப் பணம் எங்கே இருக்கும்? பால் காய்ச்சிவிட்டு மறுநாளே சமைக்கலாம் என்கிற நிலையில் வீடு இருந்தால் அது அவர்களுக்கு லாபம், நமக்கும் லாபம்.

25 ஆயிரத்துக்குள் முடிப்பது என்று இவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, 2025 பொங்கல் முடிந்த கையோடு கும்பகோணம் போய் உட்கார்ந்தேன். தை மாதமாகப் பார்த்துப் போனதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் குடித்த ஈரம் தையில்தான் காயும். கதவும் உப்பல் இறங்கி ஒழுங்காகச் சாத்தும். அதோடு மார்கழியிலும் ஆடியிலும் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்கள். தையில் ஆரம்பித்தால் ஆடிக்குள் பத்திரம் முடித்துவிடலாம்.

முதல் வேலை பரணைக் காலி பண்ணியது. இதை முதலில் செய்யுங்கள் சகோதரிகளே, ஏனென்றால் பட்ஜெட்டே அங்கேதான் இருக்கிறது! எங்கள் பரணில் அத்தையின் கல்யாணச் சீர் பித்தளை, ஓட்டை அண்டா, துருப்பிடித்த இரும்புக் கட்டில், பத்து வருஷத்துப் பேப்பர் எல்லாம் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி அத்தை முன்னால் வைத்தேன். "இது வேணாம், இது வேணாம்" என்று வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் ஒரு தவலையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். "இதுல சீர் முறுக்கு வச்சு எங்கம்மா அனுப்பிச்சது" என்றார்கள். அதை எடுத்துத் தனியாக வைத்தேன். அத்தை கைகாட்டாமல் ஒரு கரண்டிகூட வெளியே போகவில்லை. பித்தளையைப் பாத்திரக்கடையில் எடை போட்டுக் கொடுத்ததில் 15,200 ரூபாய். இரும்புக்கும் பேப்பருக்கும் 2,200. ஆக 17,400 ரூபாய் கையில். பித்தளையைச் சாதாரண பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். பாத்திரக்கடையில் விலை கேட்டுவிட்டுப் பிறகு கொடுங்கள்.

அடுத்தது வாசனை. வீட்டில் இருக்கிற நம் மூக்குக்குத் தெரியாது. வெளியாள் யாரையாவது கூப்பிட்டு, "உள்ளே நுழைஞ்சதும் என்ன வாடை அடிக்குது?" என்று கேளுங்கள். எதிர்வீட்டுப் பெண் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "பின்கட்டுல சாக்கடை வாடை வருதுக்கா." அத்தை பின்கட்டுக் குளியலறையைப் பயன்படுத்துவதே இல்லை. புழங்காத குளியலறையில், தரைக்கு அடியில் குழாய் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போகும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன், வாடை நின்றுவிட்டது. செலவு ஒன்றுமில்லை. அப்புறம் தினமும் ஒரு செம்பு ஊற்றி வந்தேன். பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டையும் அப்புறப்படுத்தி, நாப்தலின் உருண்டைகளை எடுத்துப் போட்டு, அலமாரிகளை ஒரு வாரம் திறந்தே வைத்தேன். ஊதுவத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாம் வேண்டாம். எதையோ மறைக்கிறார்கள் என்று வருகிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வெளிச்சத்துக்கும் நான் பெரிதாகச் செலவு பண்ணவில்லை. சமையல்கட்டு ஓட்டில் இரண்டு கண்ணாடி ஓடுகள் இருந்ததை எல்லாருமே மறந்துவிட்டோம். விறகடுப்புக் காலத்துப் புகை படிந்து அதுவும் நாட்டு ஓடு மாதிரியே கறுத்துக் கிடந்தது. ஓடு மாற்ற வந்தவரையே இறக்கித் தரச்சொல்லி சோடா உப்பும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தேன். மறுபடி ஏற்றியதும் பகலில் விளக்கே வேண்டியிருக்கவில்லை! அத்தை அண்ணாந்து பார்த்து, "நான் வந்த புதுசுல இப்படித்தான் இருந்துச்சு" என்றார்கள். மற்ற அறைகளுக்கு எல்.இ.டி. பல்பு, உடைந்த சுவிட்சுகளுக்குப் புதுசு, எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய்.

தரை ரெட் ஆக்சைடு தரை. பளபளக்கும் என்று யாரோ சொன்னார்கள் என்று ஆசிட் ஊற்றிவிடாதீர்கள், சிமெண்டை அரித்து நிறத்தையே கொன்றுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின், பழைய வேட்டித் துணியில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு அழுத்தித் துடைத்தால் போதும். எண்ணெய் அதிகமானால் வழுக்கும். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் மறுபடி காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிடணும். வாசக்கதவு தேக்கு. அதற்குப் பெயிண்ட் அடிக்க வந்தவரைத் தடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயும் டர்பண்டைனும் கலந்து நானே பூசினேன். கிணற்று ஜகடைக்கும் கதவுக் கீல்களுக்கும் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். கிறீச்சென்று கத்துகிற கதவு வீட்டின் வயசை ஊருக்கெல்லாம் சொல்லிவிடும் இல்லையா!

இனி வெள்ளை. முன்கட்டு சுண்ணாம்புக் காரைச் சுவர். அதன்மேல் விலை உயர்ந்த பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் அப்பளம் அப்பளமாகப் பொரிந்து விழும். சுண்ணாம்புதான் அந்தச் சுவருக்கு ஏற்றது, விலையும் மலிவு. கல் சுண்ணாம்பை இரும்பு டிரம்மில் போட்டு நீர்க்க வைக்கணும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், தண்ணீர் பட்டதும் கொதிக்கும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பிசின், பளிச்சென்று இருப்பதற்கு ஒரு சிட்டிகை நீலம். கெட்டியாக ஒரு கை அடிப்பதைவிட நீர்க்க இரண்டு கை அடிப்பது நல்லது. முன் சுவர், கூடம், சமையல்கட்டு, பின்கட்டின் இரண்டு அறைகள் இவ்வளவுதான் அடித்தோம். கொல்லைப்புறச் சுவரைப் பெருக்கி ஒட்டடை எடுத்ததோடு விட்டுவிட்டோம். ஆள்கூலியோடு 9,500 ரூபாய்.

இதில்தான் ஒரு சிக்கல் வந்தது. பின்கட்டு அறையில் இடுப்பு உயரத்துக்கு ஈரக்கறை, உப்புப் பூத்துக் கிடந்தது. வெள்ளையடிக்க வந்தவர், "இதுமேல பட்டி பூசி ரெண்டு கோட்டிங் அடிச்சிட்டா ஒண்ணும் தெரியாதும்மா. பத்திரம் முடியற வரைக்கும் தாங்கும்" என்றார். நல்ல மனுஷர்தான், எனக்கு உபகாரம் செய்வதாக நினைத்துச் சொன்னார். பத்திரம் முடிந்த பத்தாம் நாள் அந்தச் சுவர் இன்னொரு வீட்டுக்காரியைப் பார்த்துப் பல்லிளிக்கும். அவளும் நம்மைப்போல நகையை அடகு வைத்து வீடு வாங்கியவளாகத்தான் இருப்பாள். மேலும், வீடு வாங்க வருகிற பெண்கள் சுவரைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ராத்திரி எல்லாக் குழாயையும் இறுக மூடிவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று கரிக்கோடு போட்டுவிடுங்கள். காலையில் பார்த்தபோது எங்கள் தொட்டியில் ஒரு சாண் இறங்கியிருந்தது. தொட்டியில் கசிவில்லை. அப்படியானால் சுவருக்குள் போகிற குழாய்தான். அறைக்கும் குளியலறைக்கும் பொதுச்சுவர். பிளம்பர் வந்து உடைத்துப் பார்த்து, அரித்துப்போன ஒரு முழக் குழாயை மாற்றினார். 2,600 ரூபாய். உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டிவிட்டு இருபத்தைந்து நாள் அப்படியே காயவிட்டோம். "அசிங்கமா இருக்கே" என்று இவர் போனில் சலித்துக்கொண்டார். காய்ந்தபிறகு பூசி அடித்த சுவர் இன்றுவரை அப்படியே இருப்பதாக வாங்கியவர்களே சொன்னார்கள்.

ஓடு மாற்றியதற்கு 3,000, கழுவித் துடைக்க இரண்டு பெண்களுக்கு மூன்று நாள் கூலி 4,200, சாக்கடை அடைப்பு எடுக்க 1,500, உப்புத்தாள், எண்ணெய் வகையறா 1,100. எல்லாம் கூட்டினால் 23,750 ரூபாய். பரண் கொடுத்தது போக எங்கள் கையிலிருந்து போனது 6,350.

பணத்தால் தீராத விஷயம் ஒன்று இருந்தது. கூடத்தில் முப்பது படங்களுக்கு மேல் மாட்டியிருந்தோம். நடுவில் மாலை போட்ட மாமாவின் படம். தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாலை போட்ட படத்தைப் பார்த்தா வர்றவங்க யோசிப்பாங்கம்மா, அதை மட்டும் எடுத்திடுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அத்தையிடம் எந்த வாயால் சொல்வது? மற்ற படங்களை எல்லாம் துடைத்து, பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். இதை மட்டும் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து அத்தையே, "ஏம்மா, அவரை எம் படுக்கைக்கு எதிர மாட்டிடு. வர்றவன் போறவனையெல்லாம் அவர் எதுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கணும்" என்றார்கள். மாட்டிவிட்டு வந்து சமையல்கட்டில் ரொம்ப நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

பெரியவர்கள் குடியிருக்கும்போதே வீட்டைக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் கட்டில், மருந்து டப்பா, வெற்றிலைப்பெட்டி, ஜபமாலை இவற்றை இடம் மாற்றாதீர்கள். அந்த அறை சுத்தமாக இருந்தால் போதும், காலியாக இருக்கத் தேவையில்லை. நான் தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: முதல்நாளே சொல்லணும், காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள்தான் வரணும். முற்றத்தில் வெயில் இறங்கி வீடு முழுக்க வெளிச்சமாக இருக்கிற நேரம் அது. சாயங்காலம் என்றால் கொசு. மத்தியானம் என்றால் அத்தை தூங்குவார்கள். நம் வீட்டில் கருவாடு வறுக்கிற நாளையும் தரகரிடம் சொல்லிவிடுவது உத்தமம்! அப்படியும் ஒருநாள் திடீரென்று வந்து நின்றார்கள். அதற்கென்றே ஒரு பெரிய மூங்கில் கூடை வைத்திருந்தேன். கூடத்தில் கிடந்ததையெல்லாம் அதில் வாரிப் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்துக் கட்டிலடியில் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

வீட்டை எவ்வளவு துடைத்தாலும் காகிதம் சரியில்லை என்றால் பார்ட்டி திரும்பி வராது. வெள்ளையடிப்புக்கு முன்பே இந்த வேலையை ஆரம்பித்துவிடணும், ஏனென்றால் இது நம் கையில் இல்லை. மாமாவின் இறப்புச் சான்றிதழ், இ-சேவை மையம் மூலம் விண்ணப்பித்து வாங்கிய வாரிசுச் சான்றிதழ், 1978-ம் வருஷத்து அசல் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரம், பட்டா, மாநகராட்சி வரி ரசீது, தண்ணீர் வரி, மின்சார அட்டை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டேன். வில்லங்கச் சான்று இப்போது பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வாங்குகிறவர்களின் பாங்கியில் 30 வருஷத்துக்குக் கேட்டார்கள். நாத்தனார் வெளியூரில் இருந்தால் அவர்கள் கையெழுத்துக்கு என்ன வழி என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிறந்தவீட்டுப் பெண்ணின் கையெழுத்தைக் கடைசி நிமிஷத்தில் கேட்கிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எங்கள் நாத்தனாரிடம் முதல் நாளே கணக்கை எழுதிக் காட்டினோம், மனசு கோணாமல் வந்து போட்டார்கள்.

மாசியில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 46 லட்சம் சொன்னோம். முதலில் வந்த நாலு பேரும் மனை விலையே பேசினார்கள், இடித்துக் கட்டுகிறவர்கள். ஐந்தாவதாக வந்தது ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் குடும்பம். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்து பார்த்தாள். கண்ணாடி ஓட்டை அண்ணாந்து பார்த்தாள். பின்கட்டு அறைக்குப் போய், நான் நினைத்த மாதிரியே, சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "இங்கே ஈரம் இருந்திச்சும்மா. குழாயை மாத்தியாச்சு, பில் இருக்கு" என்று எடுத்துக் காட்டினேன். அதோடு, தாழ்வாரத்துக் கைமரம் ஒன்றைக் கரையான் தின்றிருப்பதையும் காட்டினேன். அதை மாற்ற 65 ஆயிரம் கேட்டதால் நாங்கள் தொடவில்லை. என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. அவர்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, "44 தர்றதா இருந்தோம். மரத்துக்காக ஒண்ணு குறைச்சு 43" என்றார்கள்.

43 லட்சம். அத்தை பங்கு பத்தே முக்கால். தரகுக்கு நூற்றுக்கு இரண்டு போனாலும் பத்து லட்சத்துக்கு மேல் நின்றது. நான் மனசுக்குள் வகுத்து முடித்துவிட்டுத்தான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

அட்வான்ஸாக 2 லட்சம் ரொக்கமாகத் தருகிறேன் என்றார் அந்த ஆசிரியர். வேண்டாம், பாங்கி வழியாகவே போடுங்கள் என்றோம். வீட்டு விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் வாங்கிய அளவுக்கு அபராதம் போட சட்டத்தில் இடமிருக்கிறது. விற்ற லாபத்துக்கு வரி எப்படி என்று ஆடிட்டரிடம் நாலு பங்குக்காரர்களும் தனித்தனியே கேட்டுக்கொண்டோம். மாமா வாங்கிய பத்திரம் கையில் இருந்ததால் அந்தக் கணக்கு சிரமமில்லாமல் முடிந்தது. வெள்ளையடித்த செலவு அதில் கழியாது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார்!

வைகாசியில் பத்திரப்பதிவு. வீட்டை ஒப்படைக்கும் நாளுக்கு இரண்டு வேலைகளை மறக்காதீர்கள். ஒன்று, மின்சார மீட்டர் எண்ணை இரண்டு தரப்பும் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது. இரண்டாவது, சாவிகளுக்குச் சீட்டுக் கட்டுவது. வாசல், கொல்லை, பரண் அலமாரி, மேல்தொட்டிப் பூட்டு என்று பதினோரு சாவிக்கும் துணியில் பெயர் எழுதிக் கட்டினேன். கிணற்றில் எந்த மாசம் தண்ணீர் இறங்கும், முருங்கையை எப்போது கழிக்கணும், தெருவில் பால் எந்த நேரத்துக்கு வரும் என்று அத்தை அந்தப் பெண்ணுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேன்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டார். சீர்த் தவலை அத்தை மடியிலேயே இருந்தது.